பீன்ஸ் சட்டியின் நேரக்கணக்கு

அமெரிக்க நடுத்தர வர்க்கச் சமையலறையின் வரலாற்றில் எளிதாக ஏளனத்துக்கு ஆளாகும் உணவு ஒன்று உண்டு. கொத்திய மாட்டிறைச்சியை வெங்காயத்துடன் வதக்கிக் கொழுப்பை வடித்துவிட்டு, டப்பாவில் வரும் 'பேக்டு பீன்ஸ்', கெட்சப், பழுப்புச் சர்க்கரை அல்லது மொலாசஸ், சிறிது கடுகு விழுது, வினிகர் ஆகியவற்றைக் கலந்து, ஆழமான பாத்திரத்தில் இட்டு, சுமார் 180 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் முக்கால் மணி நேரம் ஓவனில் வைத்தால் மேற்பரப்பு பளபளத்துக் கெட்டிப்படும். அதுவே பீன்ஸ் மாட்டிறைச்சிக் காசரோல். இதற்குத் தனியொரு கண்டுபிடிப்பாளர் கிடையாது. சமையல் அறியாதவரின் குறுக்குவழி என்று இதை ஒதுக்கும் சுவைஞர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பீன்ஸ் வேக வேண்டிய நீண்ட நேரம் இவ்வுணவில் மறைந்துவிடவில்லை. அது வீட்டை விட்டு வெளியேறி, வேறு மனிதர்களின் உழைப்புக்குள் குடியேறியது.

இதில் சேரும் வெள்ளை பீன்ஸ் 'பேசியோலஸ் வல்காரிஸ்' என்னும் தாவர இனத்தைச் சேர்ந்தது. இந்தியப் பல்கலைக்கழக விடுதிகளில் சோற்றுடன் பரிமாறப்படும் ராஜ்மாவும் அதே இனந்தான். மெசோ அமெரிக்காவிலும் ஆண்டிஸ் மலைப்பகுதியிலும் தனித்தனியே பயிராக்கப்பட்ட இவ்வினத்தை, வடகிழக்கு அமெரிக்காவின் பூர்வகுடிகள் மக்காச்சோளத்தோடும் பூசணி வகைகளோடும் ஒரே நிலத்தில் வளர்த்தனர். 17ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஆங்கிலேயர் பயிரையும் அதைப் பயன்படுத்தும் முறைகளையும் அவர்களிடமிருந்தே பெற்றனர்.

1630இல் பாஸ்டனை நிறுவிய ப்யூரிட்டன்களுக்கு ஓய்வுநாள் சனிக்கிழமை மாலை கதிரவன் மறையும்போதே தொடங்கிவிடும். அந்நாளில் வேலை செய்யலாகாது என்பதால் சமையலை முன்கூட்டியே முடித்தாக வேண்டும். வெள்ளி இரவு ஊறவைத்த பீன்ஸ், சனி முழுவதும் மண்சட்டியில் உப்பிட்ட பன்றி இறைச்சியோடு வெந்து, அன்றிரவும் மறுநாள் காலையும் உணவானது. யூதர்களின் ஓய்வுநாள் உணவான சோலன்ட் இதே நெருக்கடிக்கு இதே விடையைக் கண்டது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சிலர் எழுதுவதற்குச் சான்று வலுவாக இல்லை. ஒரே வகையான விலக்கு இரண்டு சமூகங்களை ஒரே வகையான அடுப்பிடம் கொண்டுசேர்த்தது என்று கொள்வதே பொருத்தம்.

பாஸ்டன் பீன்ஸுக்கு அடையாளமாகிவிட்ட மொலாசஸின் வரலாறு இன்னும் சிக்கலானது. தொடக்கக் குடியேறிகளின் காலந்தொட்டே அது சேர்க்கப்பட்டதாகச் சுற்றுலாக் கையேடுகள் சொல்லும். ஆனால் லிடியா மரியா சைல்ட் 1829இல் வெளியிட்ட சிக்கனக் குடும்பத்தலைவிக்கான கையேட்டின் பீன்ஸ் குறிப்பில் மொலாசஸும் இல்லை, சர்க்கரையும் இல்லை. பன்றி இறைச்சி, நீர், கொஞ்சம் மிளகு, மூன்று நான்கு மணி நேர அடுப்புச் சூடு, அவ்வளவே. 1896இல் ஃபேன்னி ஃபார்மரின் பாஸ்டன் சமையற்பள்ளி நூல் வரும்போது மொலாசஸும் சர்க்கரையும் குறிப்புக்குள் இடம்பிடித்துவிட்டன. அடுப்பு நேரமும் ஆறு முதல் எட்டு மணியாக நீண்டுவிட்டது. தொன்மை என்று போற்றப்படுவதன் இனிப்புச் சுவையைப் பொறுத்தவரை அது 19ஆம் நூற்றாண்டு அச்சேற்றி நிலைநிறுத்திய மரபு என்றே கொள்ள வேண்டும். அடிமைமுறை ஒழிப்புக்காக 1833இல் தனி நூலே எழுதியவர் சைல்ட் என்பதையும் இங்கு நினைவுகொள்ளலாம். அவர் குறிப்பில் இனிப்பு இல்லாததற்கு அதுவே காரணம் என்று வாதிட ஆவணம் இடந்தராது. ஆயினும் அந்த இனிப்பு எங்கிருந்து வந்தது என்பதில் ஐயம் ஏதுமில்லை.

சர்க்கரை பிரித்தெடுத்தபின் எஞ்சும் கரும்பாகே மொலாசஸ். கரீபியத் தீவுகளின் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டிய கரும்பின் எச்சம் அது. நியூ இங்கிலாந்து வணிகர்கள் தரங்குறைந்த உப்பிட்ட காட் மீனை அத்தோட்டங்களுக்கு அனுப்பினர். அடிமைகளுக்கு அதுவே உணவு. திரும்பிய கப்பல்களில் மொலாசஸ் வந்தது, அதிலிருந்து ரம் வடிக்கப்பட்டது, அந்த ரம்மில் ஒரு பகுதி மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்குவதற்கான விலையாயிற்று. பிறநாட்டுக் குடியேற்றங்களின் மொலாசஸ் மீது கேலனுக்கு 6 பென்ஸ் வரி விதித்த 1733ஆம் ஆண்டுச் சட்டமும், அதை 3 பென்ஸாகக் குறைத்துக் கண்டிப்பாக வசூலிக்க முனைந்த 1764ஆம் ஆண்டுச் சட்டமும் அமெரிக்க விடுதலைப் போராட்ட வரலாற்றில் தவறாமல் இடம்பெறும். அந்தப் பாகைக் காய்ச்சியவர்களுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஒரு வரிதான். இனிப்புக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி சிட்னி மின்ட்ஸ் 1985இல் எழுதிய நூலைப் படித்தவர்களுக்கு இது வியப்பளிக்காது.

மொலாசஸின் பணி சுவையோடு முடிவதில்லை. அதிலுள்ள கால்சியமும் சர்க்கரையும் அமிலமும் பீன்ஸின் செல்சுவர் குழைந்துபோவதைத் தடுக்கின்றன. அதனால்தான் எட்டு மணி நேரம் வெந்தும் விதை உருக்குலையாமல் நிற்கிறது. டப்பாவில் ஏற்கெனவே வெந்த பீன்ஸ் காசரோலில் இரண்டாம் முறை சூடேறும்போதும் கூழாகாமல் இருப்பதற்கு, தக்காளியின் அமிலம் உட்பட இதே வேதியியல் துணைநிற்கிறது.

நேரத்தை வீட்டிலிருந்து முதலில் வெளியேற்றியது டப்பா. உணவைக் காற்றுப்புகாமல் அடைத்துச் சூடேற்றிக் காக்கும் முறையை நிக்கோலா அப்பேர் 1810இல் நூலாக வெளியிட்டார். 1890களில் இண்டியானாபொலிஸின் வான் கேம்ப், பிட்ஸ்பர்க்கின் ஹெய்ன்ஸ் ஆகிய நிறுவனங்கள் தக்காளிச் சாற்றில் பீன்ஸை அடைத்து விற்றன. ஓரிரவும் ஒரு பகலும் தேவைப்பட்ட வேலை, டப்பா திறக்கும் ஒரு நிமிடமாகச் சுருங்கியது.

இறைச்சியின் கதையும் இதற்கு இணையானது. 1865இல் திறக்கப்பட்ட சிகாகோ யூனியன் ஸ்டாக்யார்ட்ஸும் 1880 வாக்கில் குஸ்டாவஸ் ஸ்விஃப்ட் வெற்றிகரமாக இயக்கிய குளிர்பதன ரயில் பெட்டிகளும் மாட்டிறைச்சியை நாடெங்கும் மலிவாக்கின. அங்கு உழைத்த புலம்பெயர் தொழிலாளரின் அவலத்தைக் காட்டவே அப்டன் சின்க்ளேர் 1906இல் 'தி ஜங்கிள்' நாவலை நூலாக்கினார். வாசகர்களோ தங்கள் தட்டில் விழுவது என்ன என்று அஞ்சினர். அதே ஆண்டு ஜூன் 30 அன்று இறைச்சி ஆய்வுச் சட்டம் கையெழுத்தானது. இறைச்சியின் தூய்மைக்குச் சட்டம் வந்தது. தொழிலாளரின் வேலை நேரத்தைப் பற்றி அதில் ஏதுமில்லை.

பாத்திரமும் மாறியது. கார்னிங் நிறுவன அறிவியலாளர் ஜெஸ்ஸி லிட்டில்டனின் மனைவி பெஸ்ஸி, அறுத்தெடுத்த மின்கலக் கண்ணாடிக் குடுவையில் 1913இல் கேக் சுட்டுக் காட்டினார். 1915இல் பைரெக்ஸ் விற்பனைக்கு வந்தது. ஓவனிலிருந்து நேரே மேசைக்கு வரும் பாத்திரம் காசரோலுக்கு வாய்த்தது அப்படித்தான். பெருமந்தக் காலம் சிறிதளவு இறைச்சியைப் பீன்ஸால் பெருக்கும் பழக்கத்தை வலுப்படுத்தியது. போர்க்காலப் பங்கீடு டப்பா உணவுகளை 1943 மார்ச் தொடக்கத்திலும் இறைச்சியை அம்மாத இறுதியிலும் கட்டுப்படுத்தியது. வெள்ளீயம் தந்த மலாயா ஜப்பானியரிடம் வீழ்ந்திருந்ததும் டப்பாத் தட்டுப்பாட்டுக்கு ஒரு காரணம்.

இவ்வளவு நேரம் வீட்டைவிட்டு அகன்றபின் குடும்பத்தலைவிக்கு ஓய்வு கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை என்பதே ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு. விறகு பிளந்த ஆணின் வேலையையும் நீர் சுமந்த பிள்ளைகளின் வேலையையும் தொழில்மயம் ஏற்றுக்கொண்டது. பெண்ணிடம் எஞ்சிய வேலைகள் புதிய தர எதிர்பார்ப்புகளால் பெருகின. காசரோல் மிச்சப்படுத்திய மணிகள் துணி வெளுப்பதிலும் கார் ஓட்டிப் பிள்ளைகளை அழைத்துவருவதிலும் கரைந்தன. சோம்பல் என்ற குற்றச்சாட்டு இவ்விடத்தில்தான் அநீதியாகிறது.

இவ்வுணவு பரவியது உணவகங்களால் அன்று. தேவாலய விருந்துகளாலும் துக்கவீட்டுக்கு எடுத்துச்செல்லும் வழக்கத்தாலும், நிதி திரட்டப் பெண்கள் தொகுத்த சமையல் நூல்களாலும். உள்நாட்டுப் போரின்போது பிலடெல்ஃபியா நிவாரணக் கண்காட்சிக்காக 1864இல் மரியா மாஸ் உருவாக்கிய நூலை அவ்வகையின் முன்னோடியாகக் கொள்வர். பொது விருந்துக்குக் கொண்டுசென்ற பாத்திரம் தவறாமல் திரும்பிவர, அடியில் ஒரு துண்டு ஒட்டுநாடாவில் பெயரெழுதி ஒட்டுவார்கள். தமிழ் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது போல. அந்நூல்களின் குறிப்புகளுக்குக் கீழேயும் பெயர்கள் உண்டு. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவற்றில் பல, 'திருமதி' என்ற சொல்லுக்குப் பின் கணவரின் முழுப்பெயரைத் தாங்கியவை. பீன்ஸும் இறைச்சியும் எந்த அளவில் சேர்ந்தன என்று அப்பக்கங்கள் துல்லியமாகச் சொல்லும். சேர்த்தவரின் இயற்பெயரைத் தேடும் ஆய்வாளர் திருமணப் பதிவேடுகளையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களையும் புரட்ட வேண்டியிருக்கிறது.