தசாரா புகையிரதப் பாதை: கணிப்பும் விளைவும்

1964 இல் விடுதலை பெற்ற சாம்பியா கடல் எல்லையற்ற நாடு. அதன் ஏற்றுமதி வருவாயின் மிகப்பெரும் பகுதியை ஈட்டித்தந்த செம்பு, தென் றொடீசியாவினூடாகச் செல்லும் புகையிரதப் பாதையையே பெரிதும் நம்பியிருந்தது. 1965 நவம்பரில் இயன் சிமித்தின் வெள்ளைச் சிறுபான்மை அரசு தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தபோது அந்த வாயில் பகைவர் கையிற் சிக்கியது. தன்சானியாவின் தாருஸ்சலாம் துறைமுகத்துக்கு ஒரு புதிய பாதை தேவை என்பதில் நியெரேரேயும் கவுண்டாவும் உறுதியாயிருந்தனர். அத்தகைய பாதை பொருளியல் அடிப்படையிற் பயன் தராதென உலக வங்கி முன்னரே முடிவு செய்திருந்தது. மேற்கு நாடுகளும் கைகொடுக்கவில்லை.

இந்நிலையிலேயே 1967 செப்டெம்பரில் சீனாவுடன் உடன்படிக்கை கைச்சாத்தாகியது. வட்டியற்ற கடனுதவியுடன் 1970 ஒக்ரோபரில் வேலை தொடங்கிற்று. தாருஸ்சலாமிலிருந்து சாம்பியாவின் கப்பிரி ம்போசிவரை 1,860 கிலோமீற்றர் நீளமான பாதை 1975 இல் முடிவுற்று, 1976 யூலையில் இரு நாடுகளிடமும் கையளிக்கப்பட்டது. இம்லிம்பாவுக்கும் மகம்பாக்கோவுக்கும் இடைப்பட்ட மலைச்சரிவே வேலையின் மிகக் கடினமான பகுதியாகும். பாதை அமைப்பில் அறுபதுக்கு மேற்பட்ட சீனர் உயிரிழந்தனர்.

ஆண்டுக்கு இருபது இலட்சம் தொன் சரக்கு ஏற்றுவதற்கென அமைக்கப்பட்ட இப்பாதை, அந்த அளவை ஒருபோதும் எட்டவில்லை. செம்பின் விலை 1975 அளவில் வீழ்ந்திருந்தது. மலைச்சரிவில் பாரம் இழுக்கும் ஆற்றல் முதலில் தருவிக்கப்பட்ட டீசல் எஞ்சின்களுக்குப் போதவில்லை. சமாந்தரமாகச் சென்ற நெடுஞ்சாலை சரக்கைப் பங்கிட்டுக்கொண்டது. 1973 இலிருந்து மூடப்பட்டிருந்த தென்புற வழியை 1978 இல் சாம்பியாவே மீளத் திறந்தது. தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி நீங்கியபின் தென்துறைமுகங்களைத் தவிர்க்கவேண்டிய அரசியற் காரணமும் மறைந்தது. பராமரிப்புக்கு நிதி ஒதுக்கப்படாமையால், 2014/15 இல் ஏற்றப்பட்ட சரக்கு ஓர் இலட்சம் தொன்னுக்கும் குறைந்தது.

எனின், உலக வங்கியின் கணிப்பே சரியானதா? செம்பை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் ஆம் எனலாம். ஆனால் இப்பாதையின் பயன் செம்போடு முடிந்துவிடவில்லை. கிலொம்பெரோ பள்ளத்தாக்கின் உழவர், சாதாரண பயணிகள் வண்டியில் நெல்லையும் வாழைக்குலையையும் ஏற்றிச் சந்தைக்குச் சென்றனர். புகையிரதமும் நெடுஞ்சாலையும் சந்திக்கும் மகம்பாக்கோ வணிகப் பட்டினமாக வளர்ந்தது. இவ்விளைவுகளைத் திட்டமிட்டோரும் எதிர்த்தோரும் பெரிதாகக் கருதவில்லை. வண்டிகள் குறைந்து அட்டவணை குலைந்தபோது முதலில் இழப்புற்றோரும் இச்சிறு வணிகரே.

வறிய நாடொன்றின் பாரிய கட்டுமானம் தானாகவே வளர்ச்சியைத் தோற்றுவிப்பதில்லை. கட்டி முடிப்பதற்குக் கடனும் தொழில்நுட்பமும் வெளியிலிருந்து வரலாம். ஆண்டுதோறும் அதனை இயக்கிப் பேணும் பொறுப்பு உள்நாட்டினதே. 2024 செப்டெம்பரில் இப்பாதையைப் புனரமைக்க மூன்று நாடுகளும் மீண்டும் இணக்கம் கண்டன. அப்பணியின் வெற்றியை மதிப்பிடும்போது துறைமுகத்தைச் சேரும் தொன் கணக்கோடு, இடைநிலையங்களில் ஏறும் மூட்டைகளும் எண்ணப்படவேண்டும்.