உயிர்க்கயிற்றின் வரலாறு

கடலோடிய மனிதன் எதனை நம்பிக் கடலோடினான்? மரத்தை நம்பினான் என்பர் சிலர். காற்றை நம்பினான் என்பர் வேறு சிலர். ஆராய்ந்து பார்ப்பின், அவன் பெரிதும் நம்பியது கயிற்றையே என்பது விளங்கும். மரத்தோடு மரத்தைப் பிணைத்தது கயிறு. பாயை உயர்த்தியது கயிறு. புயற்காலத்தில் மேல்தட்டின் நெடுக இழுத்துக் கட்டப்பெற்று, அலையில் தடுமாறிய மாலுமியின் கைக்கு எட்டியதும் கயிறே. இக்கடைசிக் கயிற்றை உயிர்க்கயிறு எனலாம். அதன் வரலாறு, தேய்ந்ததை மாற்றத் தயங்கும் மனித மனத்தின் வரலாறுமாகும்.

சென்னையில் துறைமுகம் அமைவதற்கு முன்னர், கரைக்கும் கப்பலுக்கும் இடையே மக்களையும் மூட்டைகளையும் ஏற்றிச் சென்றவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகளை ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைத்தனர். ஆணி அறைந்த படகு அலை மோதியவுடன் பிளக்கும். தைத்த படகோ வளைந்து கொடுக்கும். ஆயினும் கயிறு இற்றுப்போகும் என்பதை அம்மக்கள் மறந்தாரில்லை. பழைய தையலைப் பிரித்துப் புதுக்கயிற்றால் மீண்டும் தைப்பது அவர்கள் தொழிலின் ஓர் அங்கமாகவே இருந்தது. கட்டுமரம் என்னும் நம் சொல்லை எடுத்துக்கொண்ட ஆங்கிலம், தென்னங்கயிற்றுக்கும் நம் பக்கத்துச் சொல்லையே கொண்டது எனின், இத்துறையில் நம்மவர் பெற்றிருந்த இடம் சிறிதன்று.

அவ்வறிவு மிக அண்மைக்காலம் வரை வாழ்ந்தது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் 89 அடி நீளப் பாய்க்கப்பலை, வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் சூயஸ் வழியாகச் செலுத்தி, அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி, 1938ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையில் சேர்த்தனர். அத்துணை நெடும்பயணத்தில் கயிறு தேயாதிருக்குமோ? நைந்த நாரைக் கண்ணாலும் விரலாலும் கண்டறிந்து, அறுவதற்கு முன்னரே மாற்றுவது பாய்க்கப்பல் மாலுமியின் அன்றாட வேலை. நார்க்கயிறு தன் முதுமையை மறைப்பதில்லை. அதுவே அதன் நற்குணம்.

பின்னர் இரும்புக் கம்பி வந்தது. அது கடலிலே பிறந்ததன்று, சுரங்கத்திலே பிறந்தது. ஜெர்மனியின் கிளவுஸ்டால் நகரில், சணற்கயிறு இற்றும் சங்கிலி அறுந்தும் நேர்ந்த விபத்துகளைக் கண்ட வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்பார், 1834இல் இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கயிறாக்கினார். ஈய லம்பங்களின் நடுவே எழுந்த ஸ்ரீ கெம்பாங்கானில் வாழ்வோர்க்குச் சுரங்கத்தின் செய்தி அயலன்று. நம் அருகே ஈயம் தோண்டிய பெரும்பள்ளம் இன்று ஏரியாகக் கிடக்கின்றது.

1913இல் ஷெபீல்டில் ஹாரி பிரேர்லி துருவேறா எஃகைக் கண்டார். நாம் எவர்சில்வர் என வழங்கும் இவ்வினத்து எஃகால் ஆன கம்பியே, பின்னாளில் சிறு பாய்ப்படகுகளின் ஓரத்தில், ஊன்றுகால்களின் வழியே ஓடும் உயிர்க்கயிறாயிற்று. கைக்கு மெத்தென்றிருக்கட்டும் என்று கருதி அதன்மேல் வெண்ணிறப் பிளாஸ்டிக் உறையும் போர்த்தினர். இங்கேதான் கேடு புகுந்தது. இவ்வெஃகைக் காப்பது அதன்மேற் படியும் நுண்ணிய படலம். அப்படலம் சிதைந்தால் காற்றிலுள்ள பிராணவாயுவே அதனை மீண்டும் உண்டாக்கும். உறையின் முனை வழியே புகுந்த உப்புநீரோ உள்ளே தேங்கும், காற்று புகாது. படலம் அழியும்; எஃகு குழிவிழுந்து அரிக்கப்படும். வெளியே வெண்மை, உள்ளே துரு! முனையிற் பழுப்புக் கறை தோன்றும்போது காலம் கடந்துவிட்டிருக்கும்.

1979ஆம் ஆண்டு பாஸ்ட்நெட் பந்தயத்திற் புறப்பட்ட 303 படகுகளைப் புயல் தாக்க, போட்டியாளர் 15 பேர் மாண்டனர். உடலிற் கட்டிய காப்புவாரோ அதனைப் பிணைத்த இடமோ விட்டுப்போனதால் இறந்தோரும் அவருள் உண்டு. காப்புக்கென்று கட்டியது காக்குமா என்று முன்னரே சோதித்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? இன்று நெடுங்கடற் பந்தயங்களுக்கான உலகப் பாய்ப்படகுச் சங்க விதிகள், எஃகு உயிர்க்கயிற்றுக்கு உறை கூடாது என்கின்றன. 8.5 மீட்டருக்குக் குறைந்த படகிற்கு 3 மில்லிமீட்டரும், 13 மீட்டர் வரை 4 மில்லிமீட்டரும், அதற்குமேல் 5 மில்லிமீட்டரும் கனம் வேண்டும் என்பதும் விதி. எஃகுக்கு நிகரான வலிமையுடைய செயற்கை நார்க்கயிறும் இப்போது உண்டு; ஆயினும் உராய்வும் வெயிலும் அதற்குப் பகை.

1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகமாகத் திறக்கப்பட்டு, 1972 முதல் கிள்ளான் துறைமுகம் எனப்படும் இடத்தில், 1969 முதல் அரச சிலாங்கூர் பாய்ப்படகுச் சங்கம் இயங்கி வருகின்றது. 1990இல் தொடங்கிய ராஜா மூடா பந்தயமும் அங்கிருந்தே லங்காவியை நோக்கிப் புறப்படுவது. நம் நாட்டு வெயிலிலும் புழுக்கத்திலும் உப்புக்காற்றிலும் எக்கயிறும் விரைவில் மூப்படையும். பழைய பருத்தித் துணியைக் கம்பியின்மேல் உருவினால், அறுந்த இழை அதனைப் பற்றி இழுக்கும். அவ்வாறு ஓர் இழை அகப்பட்டாலும் முழுக் கம்பியையும் மாற்றவேண்டும். ஊன்றுகாலின் அடியையும் கொக்கியையும் உடன் பார்த்தல் வேண்டும். வலிமை குறைந்த ஓரிடத்தின் வலிமையே முழுக் கயிற்றின் வலிமை.

பண்டகசாலைக் கணக்கு எழுதுவோர் நன்கு அறிந்த உண்மை ஒன்றுண்டு: புதுக்கயிற்றின் விலை ஏட்டில் உடனே ஏறும், பழங்கயிற்றின் அபாயம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. விலையை எண்ணித் தயங்குபவர் படகின் உடையவர். அலையில் சாய்ந்து அக்கயிற்றைப் பற்றுபவரோ பல வேளைகளில் வேறொருவர். ஆதலின் உயிர்க்கயிற்றைச் சோதிக்கும் உரிமை, அதனைப் பற்றவேண்டியவன் கையிலும் இருத்தல் வேண்டும். தையலைப் பிரித்துத் தைத்த நம் பழைய படகோட்டிகள் அவ்வுரிமையைத் தம் கையிலேயே வைத்திருந்தனர்.