வலியிலிருந்து வலைக்கு: பேஸ்பால் கையுறை இடத்துக்கொரு வடிவம் பெற்ற வரலாறு

பேஸ்பால் களத்தில் தடுப்பாட்டம் ஆடும் ஒன்பது பேரும் கையுறை அணிகிறார்கள். ஆனால் ஒருவரின் கையுறை இன்னொருவருக்கு அவ்வளவாகப் பயன்படாது. கிரிக்கெட்டில் தடுப்பாட்டத்தின்போது விக்கெட் கீப்பர் ஒருவர் மட்டுமே கையுறை அணியப் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும். இந்த வேறுபாடுகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எளிது: கை வலித்தது, திண்டு வைத்தார்கள், போகப்போகப் பெரிதாக்கினார்கள். அந்த விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். கையுறையைக் கொண்டுவந்தது வலிதான். ஆனால் அதை இடத்துக்கு இடம் பிரித்தது, பந்து கைக்கு வந்த மறுகணம் அந்த இடத்து ஆட்டக்காரர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி.

வெறுங்கையும் வெட்கமும்

தொடக்க கால ஆட்டத்தில் அடித்த பந்து தரையில் ஒருமுறை பட்டு எழும்பிய பின் பிடித்தாலும் அடித்தவர் அவுட். 1865 பருவம் முதல் களத்துக்குள் விழும் பந்துகளுக்கு அந்தச் சலுகை நீக்கப்பட்டது. பந்தை நேராகப் பிடித்தாக வேண்டியதாயிற்று. இந்த விதிமாற்றத்தின் சுமை கைகளின் மேல் விழுந்தது. அதிலும் அடிப்பவருக்குப் பின்னால் நிற்கும் கேட்சரின் பாடு மிகக் கடினம்.

முதலில் கையுறை அணிந்தவர் யார் என்பதில் இரண்டு சான்றுகள் எதிரெதிரே நிற்கின்றன. சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் அணியின் கேட்சர் டக் அல்லிசன் மான்தோல் உறை அணிந்து ஆடியதாக 1870-இல் அந்நகரச் செய்தித்தாள் எழுதியது. மற்றது அக்கால ஆட்டக்காரர் ஆல்பர்ட் ஸ்பால்டிங்கின் நினைவுக்குறிப்பு. 1875-இல் பாஸ்டனில் சார்லஸ் வெயிட் என்ற முதல் பேஸ் வீரர் (ஓடுபவர் தொட வேண்டிய முதல் தளத்தைக் காப்பவர்) தோல்நிறக் கையுறை போட்டிருந்ததைப் பார்த்ததாகவும், பிறர் கண்ணில் படக் கூடாதென்றே அவர் அந்த நிறத்தைத் தேர்ந்ததாகவும் அவர் எழுதுகிறார். அந்தக் காலத்தில் கையுறை ஆண்மைக் குறைவாகக் கருதப்பட்டது. 1877-இல் தானே கறுப்புக் கையுறை அணிந்து ஆடியபின் அந்த ஏளனம் மறைந்தது என்பது ஸ்பால்டிங்கின் கூற்று. இதை அப்படியே ஏற்கத் தயக்கம் வேண்டும். அவருடைய நூல் வெளிவந்தது 1911-இல். எழுதியவர் 1876-இலேயே சிகாகோவில் விளையாட்டுப் பொருள் கடை திறந்து கையுறை விற்றவர். நிகழ்ந்த காலத்திலேயே அச்சான அல்லிசன் செய்திக்கே என் மதிப்பீட்டில் எடை அதிகம்.

எந்தச் சான்றை ஏற்றாலும் ஒன்று தெளிவு. கையுறை முதலில் போன இடங்கள் கேட்சரும் முதல் பேஸும். பந்து ஓயாமல், முழு வேகத்தில் வந்து சேரும் இடங்கள் அவைதாம். இவர்கள் பந்தை வாங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்; ஆகவே தடித்த திண்டு அவர்களுக்குத் தடையாக இல்லை. தொழில்முறை அணிகள் ஆடும் நேஷனல் லீக்கில் 1884 முதல் தோளுக்கு மேலே கையைச் சுழற்றி வீச அனுமதி வந்ததும் பந்தின் வேகம் கூடியது. 1889-இல் ஹாரி டெக்கர் தலையணை போல் பொதிந்த கேட்சர் உறைக்குக் காப்புரிமை பெற்றார். விரல்கள் தனித்தனியே பிரியாத இந்த வகையை மிட் என்பார்கள்.

1895-ஆம் ஆண்டின் விதி

கேட்சரும் முதல் பேஸ் வீரரும் தவிர மற்றவர்களின் கையுறை 10 அவுன்ஸ் எடைக்கும், உள்ளங்கையைச் சுற்றி 14 அங்குல அளவுக்கும் மிகக் கூடாது என நேஷனல் லீக் 1895-இல் விதித்தது. கையுறை வரலாற்றில் இதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன். இருவருக்கு மிட், எழுவருக்குக் கையுறை என்ற இன்றைய பாகுபாட்டுக்குச் சட்ட வேர் இங்கேதான் இருக்கிறது.

மறு ஆண்டே இன்னொரு நிகழ்வு. வெறுங்கையோடு ஆடுவதில் பிடிவாதமாக இருந்த சின்சினாட்டியின் இரண்டாம் பேஸ் வீரர் பிட் மெக்ஃபீ, 1896-இல் கையுறை அணிந்தார். அந்தப் பருவத்தில் அவருடைய தடுப்பாட்டச் சராசரி (கைக்கு வந்த வாய்ப்புகளில் பிழையின்றி முடித்த பங்கு) .978, இரண்டாம் பேஸ் வீரர் எவரும் அதுவரை எட்டாத அளவு. கையுறை கோழைத்தனம் என்ற வாதம் அதற்குப் பின் எடுபடவில்லை.

டோக் கேட்ட மாற்றம்

ஆனாலும் 1919 வரை கையுறை என்பது திண்டு வைத்த கைதான். பந்து உள்ளங்கையில் மோதும். விரல்களால் மூடிப் பிடிக்க வேண்டும். மற்றக் கையும் உடனே வந்து பொத்திக்கொள்ள வேண்டும். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) பில் டோக் அந்த ஆண்டு அதே நகரின் ராலிங்ஸ் நிறுவனத்திடம் ஒரு யோசனை சொன்னார். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தோல் வார்களைப் பின்னி ஒரு வலை அமைக்க வேண்டும் என்பதே அது. 1920-இல் அது விற்பனைக்கு வந்தது. எச்சில் தடவி வீசும் முறை அப்போது தடை செய்யப்பட்டும், தொடர்ந்து வீச விலக்குப் பெற்ற 17 பிட்சர்களில் டோக் ஒருவர். இருந்தும் அவர் பெயரை நிலைநிறுத்தியது அந்த வலைதான்.

அந்த மாற்றத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பந்து இப்போது எலும்பின் மேல் விழுவதில்லை. விரலிடுக்கில் உள்ள குழிக்குள் இறங்குகிறது. அடியைத் தாங்குவது வார். ஆகவே திண்டைக் குறைக்கலாம், நீளத்தைக் கூட்டலாம், குழியை ஆழமாகவோ தட்டையாகவோ அமைக்கலாம். இடத்துக்கேற்ற வடிவம் என்ற எண்ணத்துக்கே இந்த வலைதான் வழி திறந்தது.

பின்னர் வந்தவர்கள் இதை விரித்தெடுத்தார்கள். ராலிங்ஸில் 1922 முதல் பல பத்தாண்டுகள் பணியாற்றிய ஹாரி லட்டினா குழியின் வடிவத்தைச் செம்மைப்படுத்தினார். 1957-இல் வெளிவந்த வில்சன் ஏ2000, பந்து விழுந்ததும் கீல்போல் மடங்கி மூடிக்கொண்டது.

கேட்சரின் மிட்டில் மாற்றம் தாமதமாகவே வந்தது. 1960-இல் பால்டிமோர் அணி மேலாளர் பால் ரிச்சர்ட்ஸ், தம் பிட்சர் ஹோய்ட் வில்ஹெல்மின் தள்ளாடி வரும் பந்துகளைப் பிடிக்கத் தம் கேட்சர்களுக்கு மிகப் பெரிய மிட் ஒன்றைச் செய்வித்தார். அதன்பின் சுற்றளவு 38 அங்குலத்துக்கு மிகக் கூடாதென்ற வரம்பு வந்தது. 1960களின் பிற்பகுதியில் கேட்சர்கள் ராண்டி ஹண்ட்லியும் ஜானி பெஞ்சும் கீல் வைத்த மிட்டால் ஒற்றைக் கையில் பிடித்துக் காட்டினார்கள். வெறுங்கை முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியது. கேட்சர்களின் விரல் முறிவுக்கு அதுவே பெரிய நிவாரணம்.

இன்றைய தேர்வு

கையுறையின் நீளத்தை ஆட்காட்டி விரல் நுனியிலிருந்து குழி வழியாக அடிப்பகுதி வரை அளப்பார்கள். இரண்டாம் பேஸ் வீரருக்கும், இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் வீரருக்கும் 11.25 முதல் 11.5 அங்குலமும் ஆழமில்லாத குழியும் பொருத்தம். அடுத்தடுத்து இருவரை அவுட்டாக்க வேண்டிய தருணத்தில் பந்தைக் கையுறைக்குள் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. மூன்றாம் பேஸுக்குப் பந்து சீறி வரும், 11.75 அல்லது 12 அங்குலம், சற்று ஆழமான குழி. களத்தின் வெளிப்பகுதியில் நின்று, ஓடிப்போய் எட்டிப் பிடிக்கும் அவுட்ஃபீல்டருக்கு 12.5-க்கு மேல். விதியின் உச்சவரம்பு 13.

பிட்சரின் தேவை தனி ரகம். விரல்கள் பந்தை எப்படிப் பற்றியிருக்கின்றன என்பதை அடிப்பவர் பார்த்துவிடாதபடி இடைவெளியில்லாமல் பின்னிய வலை வேண்டும். அவருடைய கையுறை வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கவும் கூடாது. முதல் பேஸ் மிட் நீளமாக, தரையோடு வரும் பந்தை அள்ளும்படி வளைந்திருக்கும்.

வளர்ந்த ஒருவர் ஒரே ஒரு கையுறைதான் வாங்க முடியும் என்றால் 12 அங்குலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பிட்சர், மூன்றாம் பேஸ், அவுட்ஃபீல்ட் மூன்று இடங்களிலும் அது ஈடுகொடுக்கும். கேட்சர் இடத்தில் மட்டும் அதை அணிந்து நிற்க வேண்டாம். அங்கே மிட்தான் வேண்டும்.