வீட்டுச் சமையல் (கீழ்வேளூர் வட்டாரம்)

கீழ்வேளூர், நாகப்பட்டினம் மாவட்டத்தில் திருவாரூருக்கும் நாகைக்கும் இடையில் உள்ள பேரூர், காவிரியின் கடைமடை. இங்கே வீட்டுச் சமையல் உலை வைப்பதில் தொடங்குகிறது. ஆனால் சாப்பாட்டின் தரம் சோற்றைப் பொறுத்ததல்ல, சோற்றுக்குத் தொட்டுக்கொள்வதைப் பொறுத்தது.

தொட்டுக்கொள்ளப் பெரும்பாலும் வயலே கொடுத்தது. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நெற்பயிருக்குள் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பார்கள். நெல் அறுத்த பின், மண்ணில் மிஞ்சிய ஈரத்திலேயே அவை விளைந்துவிடும். வரப்பில் பொன்னாங்கண்ணி, வாய்க்காலில் கெண்டையும் விராலும், சேற்றில் நண்டும் நத்தையும் கிடைத்தன. நாகைக் கடற்கரையிலிருந்து மீனும் கருவாடும் வந்தன. களைக்கொல்லி பரவிய பிறகு வரப்புக் கீரையை நம்பிப் பறிக்க முடிவதில்லை. அது பெரிய இழப்பு.

கைப்பக்குவத்துக்கும் சத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பூண்டு தட்டிப் போட்டுக் கடைந்த கீரையைப் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். வெறுமனே வேகவைத்ததை ஒதுக்கிவிடுவார்கள். ஆசையாகச் சமைப்பவர் புளியையும் உப்பையும் நாக்கறிந்து சேர்க்கிறார். நேற்றைய மீன் குழம்பை இன்று பழைய சோற்றுக்கு எடுத்துவைக்கிறார்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பகுதியில் 11,396 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வும் சமையலுக்கும் சத்துக்குமான இந்த உறவுக்கு அருகில் வருகிறது. வாரத்தில் ஐந்து முறைக்கு மேல் வீட்டில் சமைத்த முதன்மை உணவை உண்டவர்கள், மூன்று முறைக்கும் குறைவாக உண்டவர்களைவிட நாளொன்றுக்குச் சுமார் 60 கிராம் பழமும் 100 கிராம் காய்கறியும் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. வீட்டில் சமைத்ததாலேயே உணவு நல்லதாகிவிடாது என்பதும் உண்மை. தானியங்களிலிருந்து கிடைக்கும் ஆற்றல் 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி. தட்டு நிறையச் சோறும் ஓரத்தில் ஊறுகாயுமாக உண்டால் அந்த அளவு எளிதில் மீறும்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்வரும் பெண்ணுக்கு அடுப்படி இரண்டாவது வேலை. அலுத்த கைக்குச் சமையலில் ஆசை வராது. முதலில் விட்டுப்போவது கீரையும் பொரியலும்தான். 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டம் அரைக்கும் உழைப்பைக் குறைத்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று அருகிலுள்ள திருக்குவளையில் விரிவாக்கப்பட்டு, அரசுத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வேளை உணவுக்குப் பொறுப்பேற்றது. மிச்ச வேளைகளில் கீரை ஆய்வதையும் மீன் கழுவுவதையும் வீட்டு ஆண்கள் ஏற்க வேண்டும்.