பரமத்தி வேலூரிலிருந்து வான்வழித் தொலைவும் பயண நேரமும்

நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக் கரையில் அமைந்த பரமத்தி வேலூருக்கு விமான நிலையம் கிடையாது. மூன்று நிலையங்கள் சுற்றிலும் இருக்கின்றன. நேர்கோட்டில் அளந்தால் வடக்கே சேலம் (காமலாபுரம்) சுமார் 75 கிலோமீட்டர், கிழக்கே திருச்சி 85, மேற்கே கோவை 105. வெற்றிலைக்கும் வாழைக்கும் பேர்போன இவ்வூரார் எந்த நிலையத்துக்குப் போவது என்பதைப் போகும் ஊரும் சாலையுமே முடிவு செய்கின்றன.

இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தொலைவைப் பூமியின் வளைந்த பரப்பின் மீது, பெருவட்டக் கோட்டில் கணக்கிடுவார்கள். உருண்டையின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி அதுதான். விமானத் துறையின் அலகு கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். இக்கணக்கில் சென்னைக்குச் சேலத்திலிருந்து ஏறத்தாழ 266 கிலோமீட்டர் (144 கடல் மைல்), திருச்சியிலிருந்து 294, கோவையிலிருந்து 405.

சேலத்தில் இறங்கும் ஏடிஆர் 72 வகை விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். வகுத்துப் பார்த்தால் சென்னைக்கு அரைமணி நேரம்தான் வருகிறது; பயணச்சீட்டிலோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட்டிருக்கும். விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் சேருமிடத்தில் வந்து நிற்பது வரை கணக்கில் சேரும் என்பதே காரணம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, கீழிறங்குவது, சென்னை வானில் முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். தொலைவு குறையக் குறைய இந்தச் செலவே பெரும்பங்காகிவிடுகிறது.

வேலூர்க்காரருக்கு இதோடு சாலையும் சேரும். தேசிய நெடுஞ்சாலை 44 வழியே நாமக்கல், சேலம் கடந்து காமலாபுரம் போக ஏறத்தாழ 90 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் ஒதுக்குவது நல்லது. நிலையத்தில் காத்திருப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல். சென்னையின் மீனம்பாக்கம் நிலையத்தில் இறங்கி நகருக்குள் போவதையும் கூட்டினால், ஒரு மணி நேரப் பயணம் ஐந்து மணி நேரத்தைத் தொட்டுவிடும். வேலை முடிந்து இரவு பேருந்து ஏறி விடியலில் சென்னையில் இறங்குவது இன்றும் அறிவுக்குகந்த வழியாக இருப்பது இதனால்தான். சேலம் சேவை நிலையாக இருந்ததும் இல்லை. 2018 மார்ச்சில் மத்திய அரசின் உடான் விமானச் சேவைத் திட்டத்தில் ட்ரூஜெட் நிறுவனம் தொடங்கிய சென்னை விமானம் பின்னர் நின்றுபோனது; 2023 அக்டோபரில்தான் மறுபடி விமானங்கள் வந்தன. சிறு நகரங்களுக்கு ஒரு நிமிடம் மிச்சமாவதைவிட, நாளையும் விமானம் வரும் என்ற உறுதியே பெரிது.

தொலைவு கூடும்போது கணக்கு மாறுகிறது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,980 கிலோமீட்டர். பறக்கும் நேரம் நான்கு மணிக்குச் சற்று முன்பின். சாலையில் போகும் நேரம் இங்கே சிறு பகுதிதான். சிங்கப்பூர் மணி நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. இரவு 1 மணிக்குத் திருச்சியில் கிளம்பி நான்கு மணி நேரம் பறந்தால் அங்கே காலை 7.30. திரும்பும்போது இரவு 8 மணிக்குக் கிளம்பியவர் 9.30 மணிக்கே இங்கே இறங்குவார். அழைத்துவர வண்டி எடுத்துப் போகும் உறவினர் அந்தந்த ஊர் மணியையே பார்க்க வேண்டும்.

காற்றும் நேரத்தைக் கூட்டும், குறைக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் உயர்வானில் கிழக்கிலிருந்து மேற்காக விரைவுக் காற்றோட்டம் வீசுகிறது. இதைப் பற்றி இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1950களில் ஆராய்ந்து எழுதினார். அம்மாதங்களில் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வரும் விமானத்துக்கு அது பின்காற்று, போகும் விமானத்துக்கு எதிர்க்காற்று.