எண்ணும் மடையும்

கம்பம் பள்ளத்தாக்கினருக்கு மடை என்றால் விளக்கம் வேண்டா. 1895-இல் எழுந்த முல்லைப் பெரியாற்று அணையின் நீரால் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் நஞ்சை இருபோகம் விளைகிறது. இன்ன மடை நீர் இன்ன வயலுக்கு என்னும் அவ்வொழுங்கைக் கணினிக்குள்ளும் காண்கிறோம்.

2000-களின் தொடக்கத்தில் கவுண்டர்-ஸ்ட்ரைக் முதலிய விளையாட்டுகளின் வழங்கிகள் பல லினக்ஸில் இயங்கின. ஆட்டத்தின் முதன்மைச் சுழல் ஒரே இழையில் ஓடுவது. கெர்னல் அதனைப் புராசசர் விட்டுப் புராசசர் மாற்றினால், முன்னதன் கேஷ் நினைவகத்தில் சேர்ந்திருந்த தரவு உதவாது போகும்; ஆட்டம் திணறும். 2002-இல் வந்த கெர்னல் 2.5.8 இதற்கு மடை கட்டியது. ஒரு செயலைக் குறித்த புராசசரிலேயே நிறுத்தும் வசதி அது. அதனை ஆக்கிய ராபர்ட் லவ்வே டாஸ்க்செட் என்னும் கருவியையும் தந்தார்.

எந்தச் செயலை நிறுத்துவது? அதற்கு அடையாளம் செயல் எண், அதாவது பிஐடி. இடர் இங்கேதான். எண் பெயரன்று. நெடுங்காலம் 32,768 என்னும் வரம்புக்குள் சுழன்ற இவ்வெண்களில், ஒரு செயல் மடிந்தபின் அதன் எண் பிறிதொன்றுக்குப் போய்ச் சேரும். கோப்பில் எழுதிவைத்த பழைய எண்ணை நம்பி நிறுத்தாணை இட்டால், தொங்கிய ஆட்டத்துக்கு மாற்றாகத் தரவுத்தளம் மாண்டுபோகலாம். (ஊர்ப் பட்டாவில் இப்படி நேர்ந்தால் வழக்கு மூன்று தலைமுறை ஓடும்!) செயலையே பற்றிக்கொள்ளும் பிஐடிஎஃப்டி 2019-இல்தான், கெர்னல் 5.1 முதல், படிப்படியாக வந்தது. இத்தனை தாமதம் நமக்கு வியப்பே.

ஓடும் செயலைக் கட்ட டாஸ்க்செட் இன்றும் எண்ணையே கேட்கிறது. வழங்கியை டாஸ்க்செட் வழியே தொடங்கிவிட்டால் எண்ணே வேண்டியதில்லை. அதிலிருந்து பிறக்கும் இழைகளும் அக்கட்டினைப் பிறப்பிலேயே பெறுகின்றன.