ஜாவா போட்ட ஊறுகாய்

ஒரகடம் பக்கம் ஒரு கார் ஆலை இருக்கிறதாக வைத்துக்கொள்வோம். லைனில் நகரும் ஒரு வண்டிக்கு ஜாவாவில் ஒரு ஆப்ஜெக்ட். நிலை 'பெயின்ட்' என்று சர்வருக்கு எழுதியாச்சு. வண்டி நகர்ந்ததும் அதே ஆப்ஜெக்டில் நிலையை 'எஞ்சின்' என்று மாற்றி, அதே ஸ்ட்ரீமில் மறுபடி எழுதுகிறோம். சர்வரில் என்ன தெரியும்? 'பெயின்ட்' தான்! எர்ரரும் வராது. கேபிளை மாத்திப் பார்த்தும் பிரயோஜனமில்லை.

இதன் வேர் 1996-ல் இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்த அதே வருஷம். டொரன்டோவில் நடந்த யூஸ்நிக்ஸ் மாநாட்டில், ஜாவா ஆப்ஜெக்டுகளை 'ஊறுகாய் போடுவது' பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ரோஜர் ரிக்ஸ், ஜிம் வால்டோ, ஆன் வோல்ராத், கிருஷ்ண பரத். பரத் நம்ம ஐஐடி மெட்ராஸில் படித்தவர்; பின்னாளில் கூகுள் நியூஸை உருவாக்கியவர். ஊறுகாய் என்ற பெயர் மாடுலா-3 மொழியிலேயே புழங்கியது.

அவர்கள் முன் இருந்த சிக்கல் இது: வண்டி எஞ்சினைச் சுட்டும், எஞ்சின் வண்டியைச் சுட்டும். அப்படியே பிரதி எடுத்தால் முடிவே இருக்காது. இரண்டு வண்டிகள் ஒரே ஆர்டரைச் சுட்டினால், அந்தப் பக்கம் போய் அது இரண்டு ஆர்டராகிவிடக் கூடாது. எனவே முதல்முறை எழுதும்போது ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் ஓர் எண். அடுத்த முறை வந்தால் அந்த எண் மட்டும். மொத்தம் 5 பைட். உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இவர்களில் மூவர் அதே மாநாட்டில் ஆர்எம்ஐ பற்றியும் எழுதினார்கள். ஆர்எம்ஐ-யில் ஒவ்வொரு அழைப்புக்கும் புது ஸ்ட்ரீம். அழைப்பு முடிந்தால் எண் பட்டியலும் போய்விடும். அங்கே இந்த ஏற்பாடு கச்சிதம். வினை எங்கே என்றால், ஒரே ஸ்ட்ரீமை ஷிஃப்ட் முழுக்கத் திறந்து வைக்கும்போதுதான். பட்டியலில் உள்ள ஆப்ஜெக்ட் எதையும் குப்பை சேகரிப்பான் தொடாது. நினைவகமும் ரொம்பிக்கொண்டே போகும்.

1997 பிப்ரவரியில் வந்த ஜேடிகே 1.1-லேயே மருந்தும் இருந்தது: ரீசெட். அழைத்தால் பட்டியல் மொத்தமும் அழியும். 2002-ல் 1.4 பதிப்பு ரைட்அன்ஷேர்ட் கொடுத்தது. ஆனால் அது மேலே உள்ள வண்டியைத்தான் புதிதாக எழுதும். உள்ளிருக்கும் எஞ்சின் பழைய எண்ணாகவே போகும்.

என் சிபாரிசு: ஒவ்வொரு நிலை மாற்றத்துக்கும், பிறகு மாற்றவே முடியாத புது ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி அனுப்புங்கள். அவ்வப்போது ரீசெட்டும் செய்யுங்கள். ஸ்ட்ரீம் எத்தனை மணி நேரம் திறந்திருந்தாலும் தகவல் பழசாகாது.